படகின் மூன்றாவது உடல்

ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

புழு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், படகைத் தவிர. நீயும் உன் விடுதி அறைத்தோழியும் நலம்தானே. போனில் படகைப் பற்றி வாயைத் திறந்தாலே நீ "சரி சரி, அம்மாகிட்ட குடு" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அப்படி யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

முதலில் கெட்ட செய்தி. மூன்று வாரத்துக்கு முன்னால் குளத்தில் பயிற்சி நடந்தபோது நம் ரிமோட் பாய்ப்படகு உடைந்துவிட்டது. தவறு என்னுடையது. பல் டாக்டரின் படகு வலப்பக்கத்தில் காற்றை வாங்கிக்கொண்டு வந்தது. அந்தப் படகுக்குத்தான் நான் வழிவிட வேண்டும். அவர் கரையிலிருந்து கத்தினார். நான் கையிலிருந்த ரிமோட்டில் சுக்கான் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் படகின் மூக்கு நம் படகின் விலாவில் ஏறிவிட்டது. பாயும் பாய்மரமும் தப்பித்தன. உடல்தான் நடுவில் விரிந்துவிட்டது.

டாக்டர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி வந்தார். வாய்க்குள் பார்ப்பதைப் போலவே அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "சொத்தையா இருந்தா அடைச்சிடலாம்மா. இது வேரோட போயிடுச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே அவர், "அழாத. எங்கிட்ட அச்சு சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போய் நீயே ஒண்ணு போட்டுக்க" என்றார். அவருடைய வெற்றிப் படகை வார்த்த அதே அச்சு, அக்கா. உன் கோப்பைப் பந்தயத்தில் உனக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் வந்தாரே, அவரேதான்.

இனி நல்ல செய்தி. இன்று காலை புது உடல் அச்சிலிருந்து பிரிந்து வந்தது. அப்பாவின் ஒர்க்‌ஷாப் மேசையில்தான் வார்த்தேன். கண்ணாடி நார்த் துணி மூன்று அடுக்கு, நடுவில் பிசின். பிரிக்கும்போது பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அப்பா ஃப்ரிட்ஜ் குழாய்க்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து அச்சின் ஓரத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். 'பொக்' என்று ஒரு சத்தம். என் கையில் ஒரு மீட்டர் நீளத்தில், காகிதத்தைப் போல லேசாக, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் என் விரல்களின் நிழல் தெரிகிற மாதிரி ஒரு படகு. அம்மா வந்து பார்த்துவிட்டு, "பரீட்சைக்கு இவ்வளவு கவனமா இருந்திருந்தா" என்று தொடங்கினாள். ஆனால் முடிக்கவில்லை. தடவிப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் புதிதாகத் தெரிந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். பாயை மாற்றலாம், பாய்மரத்தை மாற்றலாம், சுக்கானை மாற்றலாம், ஈயக்குண்டு தொங்கும் அடித்தகட்டைக்கூட மாற்றலாம். படகு அதே படகுதான், எண்ணும் அதே எண்தான். ஆனால் உடலை மாற்றினால் அது வேறு படகு. புதிதாக அளக்க வேண்டும், புதிதாகப் பதிய வேண்டும், புது எண் வாங்க வேண்டும். இதை எனக்கு விளக்கியது மில்லிமீட்டர். உனக்கு நினைவிருக்கும், கிளப்பின் அளவையாளர், பிரசவ வார்டு நர்ஸ். இப்போதும் படகுகளைக் குழந்தை எடைபோடும் தராசில்தான் நிறுக்கிறார். "சட்டைய மாத்தினா புள்ள மாறுமா? ஒடம்பே வேறன்னா அது வேற புள்ள. அதுக்கு வேற சர்ட்டிஃபிகேட்" என்றார். அச்சடித்த விதிப்புத்தகத்தில் இதையே ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கம்ப்ரஸருக்குள் தலையை விட்டபடியே, "இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்? நம்பர் இருக்கிற துண்ட மட்டும் வெட்டி புதுசுல ஒட்டிட்டா போச்சு. நாங்க ஃப்ரிட்ஜ் கதவு மாத்தினா நம்பர் தகட்ட அப்படித்தான் மாத்துறோம்" என்றார். நான் சிரித்துவிட்டு, அது பெரிய குற்றம், எண்ணை உடலிலிருந்து பிரிக்கவே கூடாது என்று பன்னிரண்டாம் விதியை வாசித்துக் காட்டினேன். "ஓஹோ" என்றார். பிறகு வெகுநேரம் ஸ்பேனரைத் தேடினார். அது அவர் காலடியிலேயே இருந்தது.

படிவத்தில் 'கட்டியவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பெயர் வரப்போகிறது. பென்சிலால் நாலு முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. பழைய படகின் சான்றிதழையும் பழைய உடலையும் மில்லிமீட்டரிடம் ஒப்படைத்தால்தான் அதன் எண்ணை அடித்துவிட்டுப் புதியதைத் தருவார்கள். சான்றிதழ் உன் அலமாரியில்தானே இருக்கும்? எடுக்கலாமா? வருகிற வெள்ளிக்குள் கொடுத்தால் அதற்கு அடுத்த வார ஞாயிறு பந்தயத்தில் ஓடலாம்.

குளிருக்குப் போர்த்திக்கொள்.

உன் தங்கை,
புழு

வியாழன், பள்ளி விட்டு வந்ததும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டேன். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் புதுப் படகு மிதந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஒர்க்‌ஷாப்பின் கடைசி மூலையில் ஓடாத ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று கிடக்கிறதே, மேலே திறக்கிற நீளப் பெட்டி, அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பினோம். உள்நீளம் நூற்றிருபது சென்டிமீட்டர். படகுக்கு அளவெடுத்துச் செய்த தொட்டி மாதிரி இருந்தது. பாய்மரம், அடித்தகடு, பேட்டரி எல்லாவற்றையும் பொருத்தி மெல்ல இறக்கினேன். உடல் தண்ணீருக்குள் அறுபது மில்லிமீட்டருக்கு மேல் முங்கக் கூடாது. ஐம்பத்தெட்டு. அடித்தகட்டின் அடிவரை நானூற்றிருபதுக்கு மேல் போகக் கூடாது. நானூற்றுப் பதினேழு. எடையைக் கேஸ் சிலிண்டர் நிறுக்கும் தராசில் பார்த்தோம். நாலு கிலோவுக்குக் குறையக் கூடாது. நாலு கிலோ இருபத்தைந்து கிராம். அப்பா என் நோட்டில் எட்டிப் பார்த்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கடைக்காரர் தன் ஃப்ரிட்ஜைக் கேட்டு உள்ளே வந்தார். ஐஸ்கிரீம் பெட்டிக்குள் பாய்மரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "என் பெட்டிக்குள்ளயும் இந்த மாதிரி ஏதும் விட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

இனி சான்றிதழ் விஷயம்.

அது உன் பழைய வரைபட நோட்டுக்குள் இருந்தது. எடுத்து வாசித்தேன். கட்டியவர் என்ற இடத்தில் குளத்துக்கு எதிர்ப்பக்கம் பட்டறை வைத்திருந்த தச்சரின் பெயர். உடலின் நிறம் மஞ்சள். நம் படகு வெள்ளை. நீ பெயிண்ட் அடித்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு அடுத்த வரியைப் பார்த்தேன். உடல்: ஒட்டுப்பலகை. நம் படகின் உடல் பட்டைப் பட்டையாக மரச்சட்டம் ஒட்டிக் கட்டியது. உடைந்த இடத்தில் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாகத் தெரிகிறது. பெயிண்ட் அடித்தால் மஞ்சள் வெள்ளையாகலாம். ஒட்டுப்பலகை பட்டையாகுமா?

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேல்தள மூடியைத் திறந்து எண் பொறித்த இடத்தைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு தனித் துண்டு. சுற்றிலும் பிசின். அதன் ஓரத்தில் நூல் கனத்துக்கு மஞ்சள்.

அப்பாவிடம் போனேன்.  உடைந்த படகை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்புறம் சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போயிருந்த வாரம். பந்தயத்துக்கு ஆறு நாள். அவர் ஃப்ரிட்ஜ் ஒன்றை நகர்த்தும்போது மேல்தட்டிலிருந்து மஞ்சள் படகு விழுந்து இரண்டாகிவிட்டது. "ஒங்க அக்கா அழக்கூட இல்லடா. அப்படியே உக்காந்திருந்தா. எனக்கு மனசே ஆறல. அவ வெளையாட்டா ஒண்ணு கட்டி மாடியில வச்சிருந்தா பாரு, வெள்ளையா, அத எறக்கிட்டு வந்து ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் மாத்திப் பூட்டினேன். நம்பரையும் வெட்டி ஒட்டினேன். கதவு மாத்தற மாதிரிதான்னு நெனச்சேன். தப்புன்னு சத்தியமா தெரியாதும்மா" என்றார். அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அக்கா, நான் கட்டியது இரண்டாவது உடல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது மூன்றாவது.

உன் கோப்பை அலமாரியின் அடித்தட்டில், கம்பளிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தது. அதற்குள் சுருட்டி வைத்த விதிப்புத்தகம். முதல் பக்கத்தில் 'வெற்றியாளருக்குக் கிளப்பின் அன்பளிப்பு' என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டாம் விதியின் கீழே பென்சில் கோடு. அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பரிசாக வந்த புத்தகம் என்றால் ஜெயித்த பிறகுதான் நீ அதைப் படித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் உனக்குத் தெரியாது. இதை நான் மூன்று விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் அப்படித்தான் வருகிறது.

ஜெயித்ததற்கு அடுத்த வாரத்திலிருந்து நீ குளத்துப் பக்கமே போகவில்லை. "போரடிக்குது, நீயே வச்சுக்க" என்று ரிமோட்டை என் கையில் கொடுத்தாய். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒரு வார்த்தை, ஏன் என்று ஒரு வார்த்தை, நான் கேட்கவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. பழைய உடலை ஒப்படைக்க வேண்டிய நாள். மில்லிமீட்டர் அந்த மூடியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்ல மாட்டார். நாளைக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

புழு

திங்கள்

என் அருமை அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நான் எதையும் ஒப்படைக்கவில்லை. இந்த ஞாயிறு பந்தயத்தில் எனக்கு இடமில்லை. அதை நினைத்து நீ வருத்தப்படாதே. வருத்தப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அவ்வளவு நடந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி வந்தது. உன் வெள்ளைப் படகை யாருமே அளந்ததில்லை. அது விதிக்குள் இருந்ததா, இல்லையா? இல்லையென்றால் நீ ஜெயித்தது வேறு கணக்கு. இருந்தால் வேறு கணக்கு. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

மிதக்கவிட வேண்டுமானால் ஓட்டையை அடைக்க வேண்டும். விரிந்த பட்டைகளை நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே நார்த்துணி வைத்துப் பிசின் பூசினேன். ஒரு நாள் காயவிட்டேன். உன் கை வேலையை அப்போதுதான் அக்கா முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொரு பட்டையும் முனையில் மெலிந்துகொண்டே போய் அடுத்ததோடு சேர்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தாலும் இணைப்பு தட்டுப்படவில்லை. உனக்கு அப்போது பதினாறு வயது. என் படகுக்கு டாக்டரின் அச்சு இருந்தது. உனக்கு எதுவுமே இல்லை.

நேற்று அப்பாவும் நானும் ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அளந்தோம். அப்பா நம்பாமல் ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை திரும்ப எடுக்கச் சொன்னார். நீளம் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. சரி. உடல் முங்கியது ஐம்பத்தொன்பதரை. சரி. அடித்தகடு நானூற்றுப் பதினெட்டு. சரி. எடை நாலு கிலோ நூற்றுப் பத்து, அதில் என் ஒட்டு அறுபது கிராம் இருக்கலாம். அதைக் கழித்தாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் நான் 'சரி' என்று சொல்லச் சொல்ல அப்பா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இத நீ ஒங்க அக்காகிட்ட சொல்லு. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பா" என்றார்.

அதனால் சொல்கிறேன். நீ ஓட்டியது விதிக்கு உட்பட்ட படகு. எண் மட்டும்தான் அதனுடையது இல்லை. இன்னொன்று, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. பல் டாக்டர் சொன்னது தவறு. வேர் போகவில்லை.

இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் மில்லிமீட்டரைப் பிடித்தேன். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், யாரோ ஒருவர் தெரியாமல் உடலை மாற்றிவிட்டு, பதியாமலே பந்தயம் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாலாவது இணைப்பப் படிச்சியா?" என்றார். முழுப் புத்தகத்தையும் படித்த நான் இணைப்புகளைப் படிக்கவில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. "அளந்தவங்க கண்டுபிடிச்சா அது வேற. சொந்தக்காரங்களே எழுதிக் குடுத்தா படகை அளந்துட்டுத் தாமதப் பதிவு போடலாம். ஓடின பந்தயத்த என்ன செய்யறதுன்னு கமிட்டி முடிவு பண்ணும். கோப்பை போகலாம், போகாமலும் இருக்கலாம், அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். வேறு யாராவது எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "புள்ளையப் பெத்தவங்கதான் கையெழுத்துப் போடணும், பக்கத்து வீட்டுக்காரங்க போட முடியுமா?" என்றார். பிறகு என் பையின் வாரைச் சரிசெய்துவிட்டு, "எங்க வார்டுல லேட்டா வந்தவங்கள ஏன் லேட்டுன்னு நான் கேட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம்.

இனி பல் டாக்டர் விஷயம். ஒரு புள்ளி. கோப்பை அவருக்குப் போனாலும் போகலாம். அவருடைய அச்சில்தான் என் படகு வந்தது என்பதால் நேற்று அவர் வீட்டுப் பக்கம் போகவே முடியவில்லை. ஆனால் அக்கா, அவரிடம் நீ சொல்லி அவர் கேட்பதும், வேறு யாரோ சொல்லி அவர் கேட்பதும் ஒன்றில்லை. இது எனக்குத் தெரியும் என்றால் உனக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வருடமாகத் தெரிந்திருக்கும்.

இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். நீளம், ஆழம், எடை எல்லாவற்றையும் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன், மில்லிமீட்டர் மறுபடி அளந்து மையால் எழுதுவார். இரண்டு கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஒன்று கையெழுத்து. மற்றொன்று 'கட்டியவர்'. அந்தப் படகைக் கட்டியது நீதான் என்பது நம் வீட்டில் மூன்று பேருக்குத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தச்சரைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கிளப் பதிவாளரின் அறிவிப்புப் பலகையில் அடுத்த எண் எழுபத்தொன்று என்று போட்டிருக்கிறது. வருகிற வரிசையில்தான் கொடுப்பார்கள். என் படிவத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. உன்னுடையது முதலில் போகட்டும். நான் எழுபத்திரண்டாக இருந்துகொள்கிறேன். உன் விடுமுறைக்கு இரண்டையும் ஒன்றாகத் தண்ணீரில் இறக்கலாம். வழிவிடும் விதியை இப்போது நன்றாக மனப்பாடம் செய்துவிட்டேன், உன் மேல் மோத மாட்டேன்.

இந்த ஞாயிறு நான் கரையில் சுற்று எண்ணும் வேலையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். புதுப் படகு எங்கே என்று டாக்டர் ஃபோன் செய்து கேட்டார். பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். "அப்படியா, நல்லா காயட்டும், அவசரப்படாத" என்று அன்பாகச் சொன்னார்.

எந்தப் பெயிண்டும் பத்து நாளைக்கு மேல் காயாமல் இருக்காது அக்கா. நாலு வரி போதும், எழுது.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
புழு